இடது மட்கார்டில் ஒரு கைநாட்டு

1

இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்து, "மனித நேயத்தில் எழுதியதாக அல்லவா நினைத்தோம்" என்று வந்து நிற்கக் கூடாது.

எங்கள் ஊர் ஸ்வீடனின் மேற்குக் கரையில் இருக்கிறது. கோடை தலைகாட்டியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லாரும் படகுத்துறைக்கு ஓட்டிவந்து வரிசையாக நிறுத்துவார்கள். மடக்கு நாற்காலி, ஃபிளாஸ்கில் காபி, தலையில் தொப்பி. ஒவ்வொருவரும் அடுத்தவர் வண்டியைச் சுற்றிவந்து, வாயால் பாராட்டிக்கொண்டே கண்ணால் துருவைத் தேடுவார்கள். போன வருஷம் அந்த வரிசையில் ஒரு நீல வோல்வோ நின்றது. அதன் இடது முன் மட்கார்டின் கீழ் ஓரத்தில் ஒரு சின்னப் பள்ளம். பெயின்ட் ஈரமாக இருந்தபோது யாரோ கட்டைவிரலை அழுத்தியிருக்கிறார்கள். என் வீட்டுக்காரி குனிந்து, தன் கட்டைவிரலை அதில் வைத்துப் பார்த்தாள். சிரித்தாள். ஏதோ ஒன்று சொன்னாள். அவள் சொன்னதைக் கதையின் பின்பகுதிவரை பூட்டி வைக்கிறேன்.

நடந்தது அவ்வளவுதான். பெயர் தெரியாத எவனோ என்றைக்கோ விட்டுப்போன பள்ளத்தில் என் மனைவியின் விரல் போய் உட்கார்ந்தது. வீட்டுக்குத் திரும்பினோம்.

"என்ன, மூஞ்சி தொங்குது?" என்றாள்.

"வெயில்" என்றேன். இந்த ஊரில் வெயிலைக் குறை சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அந்த வண்டி யாருடையது என்று நான் விசாரிக்கவில்லை. இனி வரும் ஆட்கள் எல்லாரும் நான் இட்டுக்கட்டியவர்கள். பொறாமை மட்டும் சொந்தச் சரக்கு.

2

எப்படித் தொடங்குவது என்று நான் பட்ட பாட்டையும் பார்த்துவிடுங்கள்.

முதல் தொடக்கம்: "டோர்ஸ்டென் பொறாமைக்காரன் அல்ல." இந்த வாக்கியத்தை எழுதியதும் எனக்கே சிரிப்பு வந்தது. இப்படித் தொடங்கினால் அடுத்த வரியிலேயே நீங்கள் அவனைப் பிடித்துவிடுவீர்கள்.

இரண்டாவது: "நடுக்கோடைத் திருநாளுக்குச் சற்று முன், கடலின் மேல் ஒளி மெல்ல" — இங்கேயே நிறுத்திவிட்டேன். இந்தக் கரையைப் பற்றி எழுத வருபவர்கள் எல்லாரும் ஒளியில்தான் தொடங்குகிறார்கள். அதற்கு என் விளம்பரம் தேவையில்லை.

மூன்றாவது: "தின்னரில் நனைத்த துணியோடு ஒரு மனிதன் காரின் டிக்கியைத் திறந்தான்." இது பரவாயில்லை. இதை வைத்துக்கொள்வோம். ஆனால் அந்த மனிதன் யாரென்று தெரியாமல் டிக்கியைத் திறந்து என்ன பயன்?

டோர்ஸ்டென் எங்கள் ஊர்ப் பெயின்ட் கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்றே தலைநரைத்தவன். இப்போது ஓய்வு பெற்றுவிட்டான். ஊரில் பழைய கார் வைத்திருப்பவர்கள் அத்தனை பேரும் அவனிடம் திட்டு வாங்கியவர்கள்.

"வண்டியில ஒரு கீறல். நீல ஸ்ப்ரே ஒண்ணு குடு."

"அடியில என்ன பெயின்ட் இருக்கு?"

"நீலம்."

"கலர் கேக்கல. ரகம் கேட்டேன்."

"அது எனக்கெப்படித் தெரியும்?"

"அப்ப முதல்ல துணி. அப்புறந்தான் டப்பா. போய்த் தொடைச்சுப் பாத்துட்டு வா."

இதனால் ஊரில் அவனுக்குத் 'துணி டோர்ஸ்டென்' என்றே பெயர். அந்தப் பெயரில் அவனுக்கு ரகசியமாகப் பெருமையும் உண்டு. அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அந்தப் பெருமைதான் அவன் காலை வாரப்போகிறது.

3

துணி என்ன கணக்கு என்று கேட்கலாம். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பதுதான் கணக்கு.

பழைய பெயின்டின் மேல் கடையில் வாங்கிய புது ஸ்ப்ரேயை நேராக அடித்தால், புதியதில் இருக்கும் தின்னர் பழையதற்குள் இறங்கும். பழையது ஊறி, உப்பி, ஆறின பாலின் மேல் ஆடை சுருங்குவது மாதிரி சுருங்கிக்கொண்டு எழும்பும். கீறலை உப்புத்தாளால் தேய்த்துச் சரிவாக்கிய ஓரம் இருக்கிறதே, அங்கேதான் வினை ஆரம்பிக்கும். ஒரு தடவை எழும்பிவிட்டால் அழுதாலும் அடங்காது. தகரம் தெரியச் சுரண்டி எடுக்க வேண்டியதுதான்.

அதனால் முதலில் மெழுகையும் எண்ணெயையும் கழுவ வேண்டும். பிறகு டிக்கி மூடியின் உள்பக்கம் மாதிரிக் கண்ணில் படாத இடத்தில் தின்னர்த் துணியைக் கொஞ்சம் அழுத்தி வைத்துப் பார்க்க வேண்டும். துணியில் நிறம் ஏறினாலோ பெயின்ட் நெகிழ்ந்தாலோ அதை நம்பக் கூடாது. நடுவில் ஒரு தடுப்புப் பூச்சு போட்டு, அது நன்றாகக் காய்ந்த பிறகு, பனி படிவது போல மெல்லிசாக, ஒன்று காய்ந்தபின் ஒன்றாக அடிக்க வேண்டும். இதைவிடப் பத்திரமான வழி ஒன்று உண்டு. அடியில் இருக்கும் அதே பெயின்டைத் தேடிப் பிடித்து, அதையே பிரஷ்ஷால் தொட்டு வைப்பது. தன் இனத்தோடு எதுவும் சண்டை போடாது.*

* இந்த இடத்தில் பழைய கல்யாணத்தை அடிப் பெயின்டுக்கும் பொறாமையைத் தின்னருக்கும் ஒப்பிட்டு நான் ஒரு பத்தி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். எழுதத்தான் செய்தேன். வாசித்தபோது வெட்கமாக இருந்தது, கிழித்துவிட்டேன். இந்தக் கதையில் பெயின்ட் என்றால் பெயின்ட்தான்.

4

டோர்ஸ்டென் ஐம்பது தாண்டிய பிறகு மாய்கென் என்பவளோடு வாழ வந்தான். நீல வோல்வோ அவளுடையது. அவளுக்கு அதற்கு முன் சிக்ஸ்டன் என்று ஒரு கணவன் இருந்தான். விவாகரத்தின்போது சிக்ஸ்டன் படகை எடுத்துக்கொண்டான், மாய்கென் காரை எடுத்துக்கொண்டாள். சண்டை சச்சரவு இல்லாத பங்கீடு.

சண்டை இல்லாமல் என்ன பயன்? படகும் காரும் ஒரே நீலம். இருவரும் இளம் தம்பதியாக இருந்த ஒரு கோடையில் படகுக்கு வாங்கிய பெயின்ட் மிஞ்சியது. மிஞ்சியதை வீணாக்குவது இந்தக் கரையில் பெரும் பாவம். தூக்கிக் காருக்கு அடித்துவிட்டார்கள், அதுவும் பிரஷ்ஷால். படகுப் பெயின்டைக் காருக்கு அடிக்கிறவர்களை டோர்ஸ்டென் கவுண்டரில் நின்று வாழ்நாள் முழுக்கத் திட்டியிருக்கிறான். கடைசியில் அப்படி ஒரு வண்டி இருக்கிற வீட்டுக்கே குடிவந்து சேர்ந்தான்.

மாய்கெனோடு மீன் வாங்கப் படகுத்துறைக்குப் போனால் கார் கரையில் நிற்கும். எதிரே தண்ணீரில் சிக்ஸ்டனின் படகு ஆடிக்கொண்டிருக்கும். இரண்டும் ஒரே துணியில் தைத்த அண்ணன் தம்பி சட்டை மாதிரி. படகின் பின்புறம் வெள்ளை எழுத்தில் 'மாய்கென்' என்று வேறு இருக்கும். படகின் பெயரை மாற்றினால் கடலுக்குக் கோபம் வரும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆகவே விவாகரத்து ஆனபிறகும், சிக்ஸ்டன் இவோன் என்பவளைக் கட்டிக்கொண்ட பிறகும், படகின் பெயர் மாய்கென்தான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மட்கார்டில் அந்தக் கட்டைவிரல் பள்ளம். சனிக்கிழமைதோறும் டோர்ஸ்டென் வண்டியைக் கழுவுவான். ஈரத்துணி அந்த இடத்துக்கு வந்ததும் ஒருமுறை உள்ளே இறங்கி ஏறும். ஒவ்வொரு சனிக்கிழமையும் தன் பெண்டாட்டியின் முன்னாள் புருஷன் விரலைத் தானே துடைத்துப் பளபளப்பாக்குவது போல அவனுக்கு எரியும்.

அது யார் விரல் என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் பொறாமை வெளியே வந்துவிடும். இந்த ஊரில் குடித்துவிட்டுச் சாக்கடையில் கிடக்கலாம், மன்னிப்பார்கள். முன்னாள் கணவன் காபிக்கு வரும்போது முகம் சுளித்தால் மன்னிக்கமாட்டார்கள். நாகரிகம் தெரியாதவன் என்று ஆகிவிடும்.

[என் வீட்டுக்காரி இதுவரை வாசித்துவிட்டு, "இவ்வளவு வருஷம் தொடைச்சவனுக்கு விரலோட அளவு தெரியாதாக்கும்?" என்றாள். தெரியாது. ஈரப் பெயின்ட் அழுத்தியபின் கொஞ்சம் வழிந்து விரியும், பள்ளம் உள்ள அளவைவிடப் பெரிதாகத்தான் காயும். தவிர, பொறாமைப்படுகிறவன் எதையும் அளந்து பார்ப்பதில்லை. "உங்களுக்குத் தெரியாததா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.]

இப்போது கீறல். நடுக்கோடை முடிந்து வரும் சனிக்கிழமை மாய்கெனின் மகள் டோவாவுக்குக் கல்யாணம். மணப்பெண்ணை அம்மாதான் அந்த நீல வண்டியில் தேவாலயத்துக்கு ஓட்டிப்போகிறாள். ஒத்திகை பார்க்கிறேன் என்று மாய்கென் வண்டியைப் பின்னால் எடுத்ததில், இடது மட்கார்டு கல்சுவரில் உரசியது. ஹெட்லைட் அருகே தொடங்கிய கீறல் கீழே ஓடி, பள்ளத்தின் விளிம்பைத் தொட்டு நின்றது.

"நான் பாத்துக்கறேன்" என்றான் டோர்ஸ்டென். குரலில் வருத்தம் இருந்தது. உள்ளே பழம் நழுவிப் பாலில் விழுந்திருந்தது. கீறலைச் சரியாக்க வேண்டுமானால் ஓரத்தைத் தேய்த்துச் சரிவாக்க வேண்டும், பள்ளமும் அதோடு போகும். யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது.

5

அன்று மாலையே சிக்ஸ்டன் காபிக்கு வந்தான்.

[அவனுக்கு நான் முதலில் ஒரு வழுக்கைத் தலை வைத்திருந்தேன். வீட்டுக்காரி அந்தப் படியை வாசித்துவிட்டு, "இந்த சிக்ஸ்டன்தாங்க நல்லா வந்திருக்கான்" என்றாள். உடனே ஒரு முன்பல்லையும் எடுத்துவிட்டேன். அப்படியும் "ஓட்டப்பல்லோட சிரிச்சா இன்னும் அழகாத்தான் இருக்கும்" என்றாள். கோபத்தில் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நானே செய்த பொம்மைமேல் எனக்கே காந்தல் என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?]

ஆக, முழுத் தலைமுடியும் எல்லாப் பல்லும் உள்ள சிக்ஸ்டன், புகைபோட்ட கானாங்கெளுத்தி மீனைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு, கதவைத் தட்டாமல் உள்ளே வந்தான். மாய்கென் இலவங்கப்பட்டை பன்களை எடுத்து வைத்தாள். இந்த ஊரில் எல்லாரும் எல்லாரையும் 'நீ' என்றுதான் பேசுவார்கள். அதனால் யார் யாரைக் குத்துகிறார்கள் என்பதை மரியாதையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

"வண்டிய இடிச்சுட்டியாமே?" என்றான் சிக்ஸ்டன்.

"உரசினேன். இடிக்கல" என்றாள் மாய்கென்.

"படகையும் நீ இப்படித்தான் பாலத்துல உரசினே. அப்பவும் இதையேதான் சொன்னே."

இருவரும் சிரித்தார்கள். டோர்ஸ்டென் பன்னைக் கடித்தான். தனக்கு முந்தைய சிரிப்புக்கு அவன் என்ன செய்வான்?

"கவலைப்படாத, துணி டோர்ஸ்டென் இருக்கான்ல" என்று சிக்ஸ்டன் அவன் தோளில் தட்டினான். "ஆனா பாத்துய்யா. மட்கார்டுல கைநாட்டு இருக்கு. அழிச்சுடாத. அது சரித்திரம்."

"கீறல் அதுவரைக்கும் போயிருக்கு" என்றான் டோர்ஸ்டென்.

"அதெல்லாம் உன் கையில இருக்கு. உன்னால அழியாம செய்ய முடியலைன்னா வேற யாரால முடியும்?"

திருடனுக்குத் தேள் கொட்டியது மாதிரி டோர்ஸ்டென் உட்கார்ந்திருந்தான். கத்தவும் முடியவில்லை. "இன்னொரு காபி?" என்று கேட்டான்.

6

தின்னரில் நனைத்த துணியோடு ஒரு மனிதன் காரின் டிக்கியைத் திறந்தான். (இப்போது தெரிகிறது அல்லவா, யாரென்று?)

மூடியின் உள்பக்கத்தில் துணியை அழுத்தி வைத்துவிட்டு, வாசலில் கத்திக்கொண்டிருந்த கடற்பறவையைத் திட்டிவிட்டு வந்து எடுத்தான். துணி நீலமாகியிருந்தது. பெயின்ட் சுருங்கி எழும்பியிருந்தது. அவனுக்குத் தெரிந்ததுதான்.

இங்கே எனக்கு இரண்டு முடிவுகள் கிடைத்தன.

ஒன்று. துணியையே பார்க்காதவன் மாதிரி, தடுப்புப் பூச்சு இல்லாமல் ஸ்ப்ரேயை நேராக அடிக்கிறான். மட்கார்டு முழுக்கச் சுருங்கி எழும்புகிறது. தகரம்வரை சுரண்டிப் புதிதாக அடிக்கிறான். பள்ளம் போச்சு. "காத்துல ஈரம்" என்று சொல்கிறான். நன்றாகத்தான் இருக்கிறது, ஒரு சங்கடத்தைத் தவிர: யார் நம்புவார்கள்? ஊரில் வேறு எவன் மறந்தாலும் அது மறதி. துணி டோர்ஸ்டென் மறந்தால் அது வேண்டுமென்றே. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்த கதையாகிவிடும். மகள் கல்யாணத்துக்கு முன் மாய்கென் அவனை ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்குப் பிறகு அந்த வீட்டில் அவன் எப்படி இருப்பான்?

இரண்டு. ஒழுங்காகச் செய்கிறான். தடுப்புப் பூச்சு, அதன் மேல் மெல்லிய பூச்சுகள், பொறுமை. கீறல் இருந்த சுவடே இல்லை, பள்ளம் பத்திரமாக இருக்கிறது. தேவாலய வாசலில் சிக்ஸ்டன் மட்கார்டைத் தடவி, "என் பெயின்ட் எப்படி நிக்குது பாத்தியா!" என்கிறான்.

ஒட்டுவேலையில் இதுதான் கொடுமை. ஒழுங்காகச் செய்தால் கண்ணுக்குத் தெரியாது. தெரிந்தால் ஒழுங்காகச் செய்யவில்லை. டோர்ஸ்டென் தொழிலில் அதைப் பெருமையாக நினைத்தவன். அன்று துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான், தான் இந்த வீட்டிலும் அப்படியே இருப்பதாக அவனுக்குப் பட்டது. கூரை ஒழுகினால் அடைத்தான், டோவாவின் பழைய அறைக்கு ஜன்னல் வைத்தான், எதிலும் அவன் தெரியவில்லை. அவனுக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

அந்த இரண்டாவது முடிவுக்கும் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. கடையில் இருந்த எந்த நீலமும் அந்த நீலத்தோடு ஒட்டவில்லை. வெயிலில் வைத்துப் பார்த்தான், நிழலில் வைத்துப் பார்த்தான். அந்தப் படகு நீலம் இப்போது விற்பனையிலேயே இல்லை. மிச்சம் இருந்தால் ஒரே ஒருவனிடம்தான் இருக்கும்.

போய்க் கேட்டானா? கேட்க வைப்பதா என்று நான் மிகவும் யோசித்தேன். கேட்கவைத்தேன். என் எரிச்சலுக்கு அவனாவது கொஞ்சம் படட்டும்.

7

படகுக் கொட்டகையில் சிக்ஸ்டன் இல்லை. அவன் மனைவி இவோன் மட்டும் வாசலில் உட்கார்ந்து மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"அவன் வலை பாக்கப் போயிருக்கான். என்ன வேணும்?"

"படகோட நீலம். கொஞ்சம் போதும்."

இவோன் கத்தியைக் கீழே வைத்தாள். "தீந்துபோச்சுன்னு அவன்கிட்ட சொல்லியிருக்கேன்."

"தீந்துபோச்சா?"

"இல்ல. உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னாடி இருக்கு."

டோர்ஸ்டென் அவளைப் பார்த்தான். அவள் சற்றும் கூசவில்லை.

"அடுத்த வசந்தத்துல படகுக்குப் பெயின்ட் அடிச்சாகணும். நீலம் இல்லைன்னா வேற கலர்தானே அடிக்கணும்? பச்சை அடிக்கலாம்னு இருக்கேன். எனக்குப் பச்சை புடிக்கும்."

"பேரு?"

"பேர மாத்த முடியாதாம். கடல் கோவிச்சுக்குமாம். நான் கோவிச்சுக்கிட்டா பரவால்லையாம். கல்யாணம் ஆன நாள்லேருந்து உன் பொண்டாட்டி பேர் மேலதான் உக்காந்து போய்ட்டு வரேன்." எழுந்து உள்ளே போய், துருப்பிடித்த டப்பா ஒன்றைக் கொண்டுவந்து அவன் கையில் திணித்தாள். "இந்தா. மொத்தத்தையும் உங்க வண்டியிலயே ஊத்திடு. ஒரு சொட்டு மிச்சம் வெக்காத."

"நமக்கெல்லாம் வெக்கமே இல்லையா இவோன்?"

"இருக்கு. அதுக்காக?"

எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? டோர்ஸ்டென் டப்பாவைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வந்தான்.

[இவோனை நான் திட்டமிட்டுக் கொண்டுவரவில்லை. டப்பாவை எடுத்துக் கொடுக்க ஒரு கை தேவைப்பட்டது. வந்தவள் இப்படிப் பேசுவாள் என்று எனக்குத் தெரியாது. கதையில் என்னோடு சேர்ந்துகொள்ள ஒரு ஆள் கிடைத்ததில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.]

8

டப்பாவைத் திறந்தபோது மேலே தோல் மாதிரி ஆடை கட்டியிருந்தது. டோர்ஸ்டென் அதைக் கத்தியால் அறுத்து எடுத்தான். அடியில் பெயின்ட் உயிரோடு இருந்தது. பழைய காலுறையில் வடிகட்டினான். டிக்கி மூடியின் உள்ளே கொஞ்சம் தொட்டு வைத்துப் பார்த்தான். சுருங்கவில்லை, எழும்பவில்லை. அதே நீலம்.

பிறகு மட்கார்டின் முன் மண்டியிட்டான். கீறலின் மேல்பகுதியைத் தேய்த்துச் சரிவாக்கினான். உப்புத்தாள் சுற்றிய மரக்கட்டை இறங்கி வந்து பள்ளத்தின் விளிம்பில் நின்றது.

மாய்கென் காபியோடு வந்தாள். கட்டை நிற்கும் இடத்தைப் பார்த்தாள். டப்பாவையும் பார்த்தாள்.

"எங்க புடிச்சே அத?"

"இவோன் குடுத்தா."

"குடுத்திருப்பா" என்று சிரித்தாள். பிறகு, "அதத் தேய்க்கப் போறியா?" என்றாள்.

"கீறல் அதுவரைக்கும் வந்திருக்கு. சரிவாத் தேய்ச்சாத்தான் ஓரம் தெரியாது."

"அது பெயின்ட் கடைக்காரன் சொல்றது. நீ என்ன சொல்றே?"

இந்த இடத்தில் டோர்ஸ்டெனுக்கு நான் எழுதிவைத்திருந்த பதில், "நானும் அதேதான்." அதை அவன் சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு வேறொன்று சொன்னான்.

"எத்தன வருஷத்துக்குத்தான் நான் அவன் விரலத் தொடைச்சுக்கிட்டே இருக்கறது, மாய்கென்?"

மாய்கென் முதலில் புரியாமல் பார்த்தாள். புரிந்ததும் காபி தளும்பச் சிரித்தாள். கோப்பையை வைத்துவிட்டு, முழங்கால் சொடக்கப் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டைவிரலைப் பள்ளத்தில் வைத்தாள். பெயின்ட் வழிந்து விரிந்த ஓரத்தைத் தள்ளிப் பார்த்தால், அது அவள் விரலுக்கே அளவெடுத்தது.

"யார் விரல்?" என்றாள்.

டோர்ஸ்டென் அவள் விரலையும் பள்ளத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இந்த வண்டி முழுக்க நான்தான் அடிச்சேன். ரெண்டு பேருமா அடிப்போம்னு சொல்லிட்டு, அவன் படகுல போய்ப் படுத்துத் தூங்கிட்டான். கடைசி மட்கார்ட முடிச்சப்ப எனக்கு வந்த கோவத்துல ஒரு குத்து குத்தி வெச்சேன். பெயின்ட்தான் அவனுது. கை என்னுது."

"அவன் கைநாட்டு, சரித்திரம்னு..."

"கைநாட்டுன்னுதானே சொன்னான்? யாருதுன்னு சொன்னானா?"

"நீயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேக்கவே இல்லையே."

[பூட்டி வைத்ததை இப்போது திறக்கிறேன். அன்று படகுத்துறையில் பள்ளத்தில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரி சொன்னது இதுதான்: "பொம்பள விரலுங்க இது." என் காதில் விழத்தான் செய்தது. வயிறுவரை போய்ச் சேரவில்லை.]

இதோடு டோர்ஸ்டெனின் பொறாமை தீர்ந்திருக்க வேண்டும். இலக்கணமான கதையில் தீர்ந்துவிடும். இவன் கொஞ்ச நேரம் அந்தப் பள்ளத்தையே பார்த்தான். கோபத்தில் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்த்தான்.

"என் மேல உனக்கு இவ்வளவு கோவம் வந்ததே இல்லையே" என்றான்.

"இப்ப வர வெச்சுக்கிட்டுதான் இருக்கே" என்றாள் மாய்கென்.

9

உப்புத்தாளைக் கீழே போட்டுவிட்டு டோர்ஸ்டென் பிரஷ்ஷை எடுத்தான். மாய்கென் கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தாள். கீறல் மெல்ல மெல்ல மறைந்தது. பள்ளத்தின் விளிம்புவரை போய், அதைத் தொடாமல் நின்றான். பிரஷ் கோடுகள் ஒன்றோடொன்று கலந்து அடங்கின. எங்கேயும் சுருங்கவில்லை. எங்கே பழையது முடிகிறது, எங்கே இவன் தொடங்குகிறான் என்று எனக்கே தெரியவில்லை. அவன் செய்ததிலேயே ஆக நல்ல வேலை இதுதான்.

"எங்க அடிச்சேன்னே தெரியலையே" என்றாள் மாய்கென்.

"தெரியக் கூடாது" என்றான், கொஞ்சம் கசப்பாக.

அவள் விளக்கைத் தாழ்த்தினாள். "சரி, இப்ப நீ வை."

"என்னத்த?"

"விரல. என்னோடது பக்கத்துல."

"பைத்தியமா உனக்கு? இவ்வளவு நேரம் மூச்சப் புடிச்சுக்கிட்டு அடிச்சிருக்கேன்!"

"வையேன்."

இங்கே நிறுத்துகிறேன். என்னால் இதற்குமேல் போக முடியவில்லை. மூன்று விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன், மூன்றிலும் அவன் என் பேச்சைக் கேட்கவில்லை. டோர்ஸ்டென் மண்டியிட்டிருக்கிறான். கட்டைவிரல் ஈரப் பெயின்டுக்கு மேலே, ஒரு தாள் கனத்தில் நிற்கிறது. வைத்தால், சனிக்கிழமை தேவாலய வாசலில் சிக்ஸ்டன் பார்ப்பான், இவோன் பார்ப்பாள், துணி டோர்ஸ்டென் போயும் போயும் ஈரப் பெயின்டில் விரலை வைத்துக் கெடுத்தான் என்று ஊரே சிரிக்கும். கவுண்டருக்குப் பின்னால் நின்று சேர்த்த பெயர் ஒரே அழுத்தில் போய்விடும். வைக்காவிட்டால் வண்டி மாசு மருவில்லாமல் பளபளக்கும், அதில் அவன் இருக்கவே மாட்டான். மாய்கெனும் மூன்றாம் முறை கேட்கிறவள் இல்லை.

என் வீட்டுக்காரி என் தோளுக்குப் பின்னால் நின்று வாசிக்கிறாள். அவளிடம் கேட்கவும் எனக்குப் பயமாக இருக்கிறது, அவள் சிக்ஸ்டன் பக்கம்.

அதனால் உங்களிடம் விடுகிறேன். ஆனால் யோசித்துச் சொல்ல நேரமில்லை. மாய்கென் கொண்டுவந்த காபி ஆறிவிட்டது. பெயின்டும் ஓரத்தில் ஆடை கட்டத் தொடங்கிவிட்டது.